சம்பந்தி ஊர்க் காளை

எங்கள் ஊர்க் கோயில் காளை உளுந்துக்குள் இறங்கினால் விரட்டக் கூடாது. கையெடுத்துக் கும்பிட்டு, "போதும்யா, அடுத்த பிஞ்சைக்குப் போ" என்று சொல்லலாம். சொல்லிவிட்டு ஓரமாக உட்கார்ந்துகொள்ள வேண்டும். அதற்கு எப்போது தோன்றுகிறதோ அப்போது போகும். அடுத்த புஞ்சைக்காரர் அங்கே கும்பிடத் தயாராக நிற்பார்.

மயிலை நிறம். திமில் சின்ன மூட்டை மாதிரி இருக்கும். பொங்கலுக்குப் பொங்கல் ஊர்ச் செலவில் கொம்புக்குப் பெயிண்டு. மூக்கணாங்கயிறு கிடையாது, கழுத்துக் கயிறும் கிடையாது. இந்த ஊரில் கயிறில்லாமல் திரிகிற ஆம்பளை அது ஒன்றுதான் என்று எங்கள் வீட்டுக்காரர் சொல்லுவார். யாரை வைத்துச் சொல்லுகிறார் என்று நான் கேட்டதில்லை.

அந்தக் காளை என் அம்மா வீட்டு ஊரில் பிறந்தது. புதூர்ப் பக்கம். எங்கள் ஊர்க்காரர்கள் எந்த ஊரில் பெண் எடுக்கிறார்களோ அந்த ஊரில்தான் கோயிலுக்குக் காளைக்கன்றும் கேட்பார்கள். தாம்பாளத்தில் தேங்காய் பழம் வைத்து, பெண் கேட்கிற மாதிரியே போய் உட்கார்ந்து கேட்பார்கள். பெண்ணைக் கொடுக்க ஆயிரம் யோசிக்கிற ஊர், காளையைக் கொடுக்க யோசிக்காது. சம்பந்தி ஊர் கேட்டுவிட்டது என்றால் கொடுக்க வேண்டியதுதான்.

என் கல்யாணம் முடிந்து ஏழெட்டு வருஷம் கழித்து அந்தக் கன்று குட்டியானை வண்டியில் மாலையோடு வந்து இறங்கியது. நான் வந்தபோது பஸ்ஸில் வந்தேன்.

"ஒங்க ஊருல இருந்து ரெண்டு கொண்டாந்தோம்" என்பார் எங்கள் வீட்டுக்காரர். "ரெண்டும் சொன்ன பேச்சு கேக்காது. ஒண்ணு கும்பிட்டாவாவது நகருது."

கணக்குப் பார்த்தால் மூன்று. என் தம்பி ஒரு செவலைக் கிடாரியைக் கொண்டுவந்து எங்கள் வீட்டில் கட்டினான். அக்காவுக்கு மோர் இல்லாமல் சோறு இறங்காது என்பது அவனுக்குத் தெரியும். அதுதான் பிறகு பசுவாயிற்று. பால் அதிகம் இல்லை. நாட்டு மாடு. எங்கள் இரண்டு பேருக்குக் காப்பிக்கும் மோருக்கும் போதும். பையன் திருப்பூரில் இருக்கிறான். அவனுக்கு அங்கே பாக்கெட் பால்.

நான் தீப்பெட்டி ஆபீசுக்குப் போய்க்கொண்டிருந்தேன். மூச்சு இழுக்க ஆரம்பித்ததும் நின்றுவிட்டேன். அதிலிருந்து பகல் பூராவும் வீட்டில் எனக்குத் துணை அந்தப் பசுதான். அது பேசாது. எனக்கும் அதுதான் வசதி.

முதல் ஈற்று நல்லபடி ஆயிற்று. காளைக்கன்று. வளர்த்து விற்றோம். அடுத்த ஈற்றில்தான் அது நடந்தது.

கன்று நாள் முற்றித்தான் பிறந்தது. முடி, குளம்பு எல்லாம் சரியாக இருந்தது. ஆனால் கால் நான்கும் மடங்கி, யாரோ கயிறு போட்டுக் கட்டிய மாதிரி விறைத்திருந்தது. நீவிப் பார்த்தேன். நீளவில்லை. முதுகு வில் மாதிரி வளைந்திருந்தது. கொஞ்ச நேரம் மூச்சு விட்டது. அப்புறம் விடவில்லை. பசு நக்கிக்கொண்டே இருந்தது. அதற்கு யாரும் சொல்ல முடியாதே.

எங்கள் வீட்டுக்காரர் சாக்கில் சுற்றி எடுத்துக்கொண்டு போய்ப் புஞ்சையில் புதைத்துவிட்டு வந்தார்.

"வெளிய சொல்லாத" என்றார்.

ஏன் என்று எனக்கும் தெரியும். கோயில் காளையை அடித்த வீட்டில் கன்று தங்காது என்பது ஊர்ப் பேச்சு. அதிலும் கால் மடங்கிப் பிறந்துவிட்டால் கேட்கவே வேண்டாம். கம்பெடுத்துக் காலில் அடித்திருக்கிறார்கள் என்று சொல்லிவிடுவார்கள். எங்கள் வீட்டில் யாரும் அடிக்கவில்லை. அப்படித்தான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அடுத்த ஈற்றிலும் அதே கால். அதே முதுகு.

இந்தத் தடவை அவர் புதைத்துவிட்டு வந்து கை கழுவவில்லை. தொழுவத்துப் பக்கம் பார்க்கவும் இல்லை.

"மாட்டைக் குடுத்துருவோம்" என்றார்.

"யாரு வாங்குவா?"

"தரகரு வாங்குவாரு."

கன்று தங்காத பசுவைத் தரகர் எதற்கு வாங்குவார் என்று எங்கள் பக்கத்தில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. அடிமாட்டு லாரி கோவில்பட்டி தாண்டி மேற்கே போகும். போன மாடு திரும்பாது.

தரகர் மொபட்டில் வந்தார். வெள்ளை வேட்டி, தோளில் துண்டு. பசுவை ஒரு சுற்றுச் சுற்றி வந்து இடுப்பெலும்பில் கை வைத்துப் பார்த்தார். பால்மாடு பார்க்க வருகிறவன் மடியைத்தான் பார்ப்பான்.

"தங்கச்சி, கன்னு தங்காத மாட்டைக் கட்டி வச்சு என்ன செய்யப் போறிய? சோளத்தட்டைக்குப் பிடிச்ச கேடுல்லா?"

"அண்ணாச்சி, உங்களுக்குப் பிள்ளைய எத்தனை?"

"ரெண்டு பயலுவ."

"ரெண்டு பேரும் சோறு போடுதாவளா?"

தரகர் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார்.

"உங்களாலயும் வீட்டுக்கு ஒரு பிரயோசனம் இல்ல. மைனி உங்களை வச்சுக் காப்பாத்தலயா?"

எங்கள் வீட்டுக்காரருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்து இருமினார். தரகரும் சிரித்தார். வியாபாரிக்குக் கோபம் வராது. "வியாழக்கிழமை வண்டி வரும். யோசிச்சு வைங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

யோசிக்க எனக்கு ஒன்றும் இல்லை. ஆனால் எங்கள் வீட்டுக்காரர் முடிவெடுத்துவிட்டார் என்று தெரிந்தது. எதற்கு இவ்வளவு அவசரம் என்றுதான் தெரியவில்லை. தட்டை இருந்தது. தண்ணீர் இருந்தது. பசுவைப் பார்த்தால் மட்டும் அந்த மனுஷன் முகம் சுண்டிப்போயிற்று.

அந்த வாரம் பள்ளிக்கூடத்து மைதானத்தில் கால்நடை முகாம் போட்டார்கள். நான் பசுவைப் பிடித்துக்கொண்டு போனேன். போகாதே என்று சொல்ல அவர் வீட்டில் இல்லை.

டாக்டரம்மா சின்ன வயசு. கோயம்புத்தூர்ப் பக்கம். இந்தக் கரிசலில் மழை பெய்தால் செருப்பு திரும்பி வராது என்பதை வந்த புதிதிலேயே தெரிந்துகொண்டு, ரப்பர் பூட்ஸ் வாங்கி வைத்திருந்தார். முழங்கைவரை உறை மாட்டிக்கொண்டு பசுவைச் சோதித்தார்.

"கர்ப்பப்பை நல்லா இருக்கும்மா. என்ன பிரச்சினை?"

வெளியே சொல்லாதே என்று அவர் சொன்னது நினைவிருந்தது. வியாழக்கிழமையும் நினைவிருந்தது. சொல்லிவிட்டேன்.

"கால் எப்படி மடங்கி இருந்துச்சு?"

என் இரண்டு கையையும் மடக்கி, மணிக்கட்டை வளைத்துக் காட்டினேன். முதுகையும் வளைத்துக் காட்டினேன். சுற்றி நின்றவர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். டாக்டரம்மா கையுறையைக் கழற்றினார்.

"வெளிநாட்டுல கறிக்கு வளக்கிற மாட்டுல இப்படி வரும்னு படிச்சிருக்கேன். நம்ம மாட்டுல இருக்கான்னு காலேஜ்ல தேடிட்டு இருக்காங்க."

"நாங்க கறிக்கு வளக்கலயே டாக்டரம்மா."

"அதைப் பாத்துட்டு வராதும்மா. இது ரத்தத்துல வர்றது. ரெண்டு தடவையும் எந்தக் காளை?"

காளை அங்கேயேதான் நின்றது. டாக்டரம்மா வண்டியின் பின்பக்கம் தலையை நீட்டி, மாடுகளுக்கு இலவசமாகக் கொடுக்க வைத்திருந்த தாது உப்புப் பையைக் கிழித்துத் தின்றுகொண்டிருந்தது. டிரைவர் தூரத்தில் நின்று கும்பிட்டுக்கொண்டிருந்தார். அவர் வெளியூர். யார் சொல்லிக் கொடுத்தார்களோ.

"வேற யார் வீட்டுலயாவது இந்த மாதிரி கன்னு பொறந்திருக்கா?" என்று டாக்டரம்மா எல்லோரையும் பார்த்துக் கேட்டார்.

எல்லோரும் வானத்தைப் பார்த்தார்கள். மழை வருகிற மாசம்கூட இல்லை.

அதற்குள் யாரோ சொல்லி எங்கள் வீட்டுக்காரர் வந்துவிட்டார். என்னை ஒரு பார்வை பார்த்தார். டாக்டரம்மா அவரையும் சேர்த்து வைத்துச் சொல்ல ஆரம்பித்தார். எந்த உயிருக்கும் உடம்பில் எல்லாமே இரண்டு இரண்டாக எழுதியிருக்கும். தாயிடமிருந்து ஒன்று, தகப்பனிடமிருந்து ஒன்று. ஒன்று பழுதாக இருந்தால் இன்னொன்று சமாளித்துக்கொள்ளும். மாடு நன்றாகவே இருக்கும், பார்த்தால் தெரியாது. பசுவிடமும் ஒரு பழுது, காளையிடமும் அதே பழுது என்று இருந்து, இரண்டும் ஒரே கன்றுக்குப் போய்விட்டால் அந்தக் கன்று பிழைக்காது.

"ஏர்ல ஒரு மாடு நொண்டினா மத்த மாடு இழுத்துரும்" என்றார் எங்கள் வீட்டுக்காரர். "ரெண்டும் நொண்டினா ஏர் நின்னுரும். அப்படியா?"

"அப்படியேதான்."

அவர் துண்டை எடுத்துக் கையில் சுற்றினார். அவிழ்த்தார். மறுபடி சுற்றினார்.

"அப்போ, அடிச்சதுக்கும் இதுக்கும் ஒண்ணும் கிடையாதா டாக்டரம்மா?"

"யாரை அடிச்சது?"

அவர் என்னைப் பார்க்கவில்லை. காளையைப் பார்த்தார்.

"பருத்திமாருக் குச்சி வச்சுத்தான். கால்ல. சும்மா ஒரு தட்டு."

இதுதான் சங்கதி. மனுஷன் இத்தனை நாளும் இதை உள்ளே வைத்துக்கொண்டு, பசுவைப் பார்க்க முடியாமல் லாரியில் ஏற்றப் பார்த்திருக்கிறார். எனக்குக் கோபம் வரவில்லை. எப்போது அடித்தார் என்று மட்டும் தெரிந்துகொள்ள ஆசையாக இருந்தது. நான் வரப்பில் கும்பிட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தபோதா?

"ஒண்ணும் கிடையாதுங்க. நீங்க அடிச்சதால இல்ல" என்றார் டாக்டரம்மா.

பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. "கல்லை விட்டு எறிஞ்சிருந்தா?"

"அதனாலயும் இல்ல."

"வெந்நி ஊத்தியிருந்தா?" இது ஒரு பொம்பளைக் குரல்.

"அது பாவம்ங்க. ஆனா கன்னுக்குக் கால் மடங்காது."

அப்புறம் ஒவ்வொரு வாயாகத் திறந்தது. கீழத்தெருவில் ஒரு வீடு. தண்ணீர்த் தொட்டிப் பக்கம் ஒரு வீடு. மாமியாருக்குத் தெரியாமல் மருமகள் புதைத்தது, மருமகளுக்குத் தெரியாமல் மாமியார் புதைத்தது என்று ஒரே வீட்டில் இரண்டு. எல்லோரும் அடித்திருக்கிறார்கள். எல்லோரும் தன் வீட்டில் மட்டும்தான் இப்படி என்று நினைத்துக்கொண்டு புதைத்திருக்கிறார்கள். கடைசியில் பூசாரி தொண்டையைச் செருமினார்.

"எங்க வீட்டுலயும் ஒண்ணு" என்றார்.

"சாமி, நீங்களுமா அடிச்சிய?"

"மிளகாய் காய வச்சிருந்தேன்யா" என்றார் பூசாரி. அதற்கு மேல் யாரும் கேட்கவில்லை. காய்ந்த மிளகாயில் காளை படுத்தால் எந்தச் சாமியாடிக்கும் கை நீளும்.

வால்மயிரை வேரோடு பிடுங்கி அனுப்பினால் காலேஜில் சோதித்துச் சொல்லிவிடுவார்களாம். டி.என்.ஏ. டெஸ்ட் என்றார். யார் பிள்ளை என்று கோர்ட்டில் பார்ப்பார்களே, அது என்று டிரைவர் விளக்கினார். மாட்டுக்கு இதெல்லாம் எதற்கு, அது சொத்தா கேட்கப் போகிறது என்று ஒருவர் சொன்னார்.

பசுவிடம் பிடுங்குவது கஷ்டமில்லை. நான் கழுத்தைச் சொறிந்துகொண்டு நின்றேன். டாக்டரம்மா பிடுங்கினார். காளையிடம் கை வைக்க உத்தரவு வேண்டுமே. பூசாரி தேங்காய் உடைத்து, நான்கு வார்த்தை சொல்லி, விபூதி போட்டார். காளை தேங்காயைத் தின்றது. டாக்டரம்மா பின்னால் போய்ப் பிடுங்கியது அதற்குத் தெரியவே இல்லை.

வீட்டுக்கு வருகிற வழியில் எங்கள் வீட்டுக்காரர் பேசிக்கொண்டே வந்தார். மனசுப் பாரம் இறங்கிய மனுஷன் அப்படித்தான். பசுவை விற்க வேண்டாம் என்று சொல்லிவிடுவார் என்று பார்த்தேன். சொல்லவில்லை.

"அடிச்சதுக்குன்னா சாமிகிட்ட மன்னிப்பு கேட்டுக்கிடலாம்" என்றார். "ரத்தத்துல இருக்குன்னா யாருகிட்ட போய்க் கேக்க?"

"இன்னும் இருக்குன்னு சொல்லலயே."

"சரி, பாப்போம். ரிசல்ட் வரட்டும். இந்த மாட்டுக்குப் பழுது இருக்குன்னு வந்துட்டா வண்டியில ஏத்திருவோம். நீ பேசக் கூடாது."

"நான் என்னைக்குப் பேசியிருக்கேன்?"

வியாழக்கிழமை லாரி வந்தது. எங்கள் வீட்டு முன்னால் நிற்காமல் போயிற்று. தரகர் மட்டும் மொபட்டை நிறுத்தினார்.

"மாட்டுக்கு மயிர் டெஸ்டாமே? எனக்கும் ஒண்ணு பிடுங்கி அனுப்புவமா தங்கச்சி?"

"இருக்கதைப் பத்திரமா வச்சுக்கிடுங்க அண்ணாச்சி" என்றேன். அவர் தலையைத் தடவிக்கொண்டு போனார்.

ரிசல்ட் வர நாள் எடுத்தது. பாசிப்பயறு பறித்து முடிந்து, தட்டையெல்லாம் அறுத்து அடுக்கிவிட்டோம். ஒவ்வொரு நாளும் தண்ணீர் காட்டும்போது பசுவின் முகத்தைப் பார்ப்பேன். அதற்கு வியாழனும் வெள்ளியும் ஒன்றுதான். அது அசைபோட்டுக்கொண்டிருந்தது. எனக்குத்தான் சோறு இறங்கவில்லை. மோர் ஊற்றியும் இறங்கவில்லை.

டாக்டரம்மா போனில்தான் சொன்னார். எங்கள் வீட்டுக்காரர் ஸ்பீக்கரைப் போட்டார்.

"உங்க பசுகிட்ட அந்தப் பழுது ஒண்ணு இருக்குதுங்க."

அவர் என்னைப் பார்த்தார். நான் அடுப்பைப் பார்த்தேன். பேசக் கூடாது என்பது பேச்சு.

"காளைகிட்டயும் ஒண்ணு இருக்கு. ரெண்டும் ஒரே இடத்துல இருந்து வந்த மாதிரி தெரியுது. ரெண்டுக்கும் என்ன உறவு?"

மாட்டுக்கு உறவு கேட்டது அன்றைக்குத்தான். எங்களுக்குள் ஒரு பெண்ணைப் பேசி முடிக்க, என்ன கிளை, என்ன முறை, தாய்மாமன் வழியா, அத்தை வழியா என்று ஏழு வீடு ஏறி இறங்கிக் கேட்போம். அண்ணன் முறை வந்துவிட்டால் எவ்வளவு நல்ல மாப்பிள்ளையானாலும் எழுந்து வந்துவிடுவோம். மாட்டுக்கு யாரும் கேட்டதில்லை.

தம்பிக்குப் போன் போட்டேன்.

"ரெண்டும் நம்ம ஊரு பழைய கோயில் காளைக்குப் பொறந்ததுதான்க்கா" என்றான். "வேற காளை இங்கன ஏது?"

அண்ணன் தங்கச்சி. நாங்கள்தான் இரண்டையும் தேடிக் கொண்டுவந்து ஒரே ஊரில் விட்டிருக்கிறோம். ஒன்றுக்கு மாலை போட்டு.

எங்கள் வீட்டுக்காரர் முகத்தில் ஒரு வெளிச்சம். "பாத்தியா, ஒங்க ஊரு சரக்கு" என்றார். "பழுது பூராவும் அங்கேருந்துதான் வந்துருக்கு. நான் அப்பவே சொன்னேன்."

என்ன சொன்னார் என்று தெரியவில்லை. நான் போனை வைக்கவில்லை.

"ஏலே, அந்தப் பழைய காளை நம்ம ஊருக்கு எங்கேருந்து வந்துச்சு?"

"ஒனக்குத் தெரியாதா? நம்ம பெரியம்மை, அத்தான் ஊருப் பொண்ணுல்லா? அவளைப் பொண்ணு எடுத்த உறவுலதான் அங்கன காளைக்கன்னும் கேட்டுருக்காவ. அத்தானோட அப்பாதான் தன் வீட்டுக் கன்னைக் கொண்டாந்து விட்டாவளாம். எம்புட்டுப் பெருமையாச் சொல்லுவாவ!"

ஸ்பீக்கர் இன்னும் போட்டபடிதான் இருந்தது.

எங்கள் வீட்டுக்காரர் எழுந்து போய்ப் பானையில் தண்ணீர் மொண்டு குடித்தார். குடித்துவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"எங்க அப்பா நல்ல கன்னுன்னு நினைச்சுத்தான் குடுத்திருப்பாவ" என்றார்.

"நாங்களும் அப்படி நினைச்சுத்தான் வாங்கியிருப்போம்."

அவர் கையை நீட்டி ஸ்பீக்கரை அணைத்தார்.

"பழுது உள்ளதை எல்லாம் லாரியில ஏத்தணும்னா, உங்க வீட்டுத் தொழுவத்துல இருந்துல்லா ஆரம்பிக்கணும்?" என்றேன். "போன காளையை எங்க போய்ப் பிடிக்க?"

பேசக் கூடாது என்ற பேச்சு அதோடு முடிந்தது. டாக்டரம்மாவும் மறுபடி அழைத்துச் சொன்னார். பசுவுக்கு நோய் கிடையாது. பழுதில்லாத காளையின் சினை ஊசி போட்டால் கன்று கால் மடங்கிப் பிறக்காது. சோதித்துத் தேர்ந்தெடுத்த காளையின் ஊசிக்கு அவரே ஏற்பாடு செய்வார்.

"ஒரு ஈத்து பாப்போம்" என்றார் எங்கள் வீட்டுக்காரர். "அதுவும் அப்படிப் பொறந்துட்டா...?"

"பொறந்துட்டா நானே ஏத்திவிடுதேன்" என்றேன். சொன்ன பிறகுதான் சொன்னது என்னவென்று உறைத்தது.

பசு விஷயம் அப்படி நின்றது. காளை விஷயம் ஊர்க்கூட்டத்துக்குப் போயிற்று.

கோயில் முன்னால் சாயங்காலம் கூடினார்கள். டாக்டரம்மாவும் வந்தார். ஏர், நொண்டி மாடு, அண்ணன் தங்கச்சி எல்லாம் மறுபடி சொன்னார். எல்லோரும் தலையாட்டினார்கள். ஊர்ப் பெரியவர் ஒருவர் எழுந்தார்.

"அப்போ இந்தக் காளை சரியில்ல. வேற நல்ல காளையாக் கொண்டாந்துருவோம்."

"நல்லதுங்க. எங்கிருந்து?" என்றார் டாக்டரம்மா.

"வேற எங்கேருந்து? சம்பந்தி ஊருல இருந்துதான்."

டாக்டரம்மா தலையில் கை வைத்துக்கொண்டார். பாவம். அவ்வளவு நேரம் பேசியிருக்கிறார்.

இருக்கிற காளையை என்ன செய்வது என்பது அடுத்த பேச்சு. விற்க முடியாது, சாமி சொத்து. காயடிக்க முடியாது, சாமிக்கு விட்டதில் கத்தி வைக்கக் கூடாது. கட்டிப்போட முடியாது, கயிறு ஆகாது. டாக்டரம்மா யோசித்துச் சொன்னார். காயடிக்க வேண்டாம். சின்ன ஆபரேஷன். காளை காளையாகவே இருக்கும். கன்று மட்டும் உண்டாகாது.

"அப்படின்னா, குடும்பக் கட்டுப்பாடா?" என்றார் பூசாரி.

ஆம்பளைகள் அத்தனை பேரும் தரையைப் பார்த்தார்கள். ஒருவர் காலை மாற்றி உட்கார்ந்தார்.

"ஆம்பளைக்குச் செஞ்சா உடம்பு தளந்துருமே" என்றது ஒரு குரல்.

"வேலை செய்ய முடியாதே" என்றது இன்னொன்று. காளைக்கு என்ன வேலை என்று யாரும் கேட்கவில்லை.

கூட்டத்தில் நான் பேசினதில்லை. அன்றைக்குப் பேசினேன்.

"இந்த ஊருல வீட்டுக்கு ஒரு பொம்பளை செஞ்சுக்கிட்டு, மறு வாரமே களை வெட்டப் போயிருக்கோம். யாரும் தளரல."

பொம்பளைகள் பக்கம் சிரிப்பு கிளம்பியது. நிற்க நேரமாயிற்று. எங்கள் வீட்டுக்காரர் என் பக்கம் திரும்பவே இல்லை.

சாமியிடம் பூ கேட்டார்கள். சிவப்புப் பூ வந்தால் சம்மதம், வெள்ளை வந்தால் இல்லை. இரண்டையும் தனித்தனிப் பொட்டலமாகக் கட்டிப் போட்டு, ஒன்றை எடுக்கச் சொன்னார்கள். சிவப்பு வந்தது. இரண்டு பொட்டலத்திலும் சிவப்புதான் இருந்தது என்று பிறகு ஒரு பேச்சு அடிபட்டது. பூசாரி வீட்டுப் பசுவும் அந்தச் சமயம் சினை பிடிக்கிற பருவத்தில் நின்றது. நான் பிரித்துப் பார்க்கவில்லை. சாமி காரியம்.

ஆபரேஷன் பகலில் நடந்தது. இந்த ஊரில் அதைச் செய்துகொண்ட முதல் ஆம்பளை அதுதான். இன்றுவரை கடைசி ஆம்பளையும் அதுதான். ஒரு வாரம் எல்லா வீட்டிலிருந்தும் அதற்குப் பருத்திக்கொட்டையும் பிண்ணாக்கும் போயிற்று. எனக்குச் செய்தபோது வந்த அளவுக்கு மேலேயே வந்தது.

எங்கள் பசு ஊசியில் சினை பிடித்தது.

அந்த மாதங்களில் எங்கள் வீட்டுக்காரர் தொழுவத்துக்குப் புதுக் கூரை போட்டார். மழைக்கு என்றார். கூரை முன்பும் ஒழுகவில்லை. பசுவின் வயிற்றில் கை வைத்துப் பார்ப்பார். கன்று உதைத்தால், "கால் நீளுது பாத்தியா?" என்பார். மடங்கின கால் உதைக்காதா என்று நான் கேட்டதில்லை. அந்தக் கேள்வி எனக்குள்ளேயே இருந்தது. தரகர் அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் மொபட்டை மெதுவாக்குவார். நிறுத்த மாட்டார்.

நல்ல வெயில் நேரத்தில் பசு இருப்புக் கொள்ளாமல் எழுந்து எழுந்து படுத்தது. வீட்டுக்காரரைக் கூப்பிட்டேன். வந்தவர் தொழுவத்துக்குள் நுழையவில்லை. வெளியே முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார்.

பனிக்குடம் உடைந்தது. முதலில் ஒரு குளம்பு தெரிந்தது. அப்புறம் இன்னொன்று. இரண்டு முன்காலும் நேராக, நீளமாக வந்தன. அவற்றின் மேல் மூக்கு. பசு ஒரு முக்கு முக்கியது. கன்று வழுக்கி வந்து தட்டைமேல் விழுந்தது.

"என்னட்டி?" என்றார் வெளியிலிருந்து.

"கிடாரி."

"அதைக் கேக்கல."

"கால் நல்லாருக்கு."

"எத்தனை கால்?"

"மாட்டுக்கு எத்தனை கால் இருக்கும்? நாலும்தான்."

அப்போதுதான் உள்ளே வந்தார். கன்று பின்காலை ஊன்றியது. விழுந்தது. மறுபடி ஊன்றியது. அவர் கையை நீட்டிக்கொண்டே நின்றார், தொடவில்லை. அது நான்கு காலில் நின்று மடியைத் தேடிக்கொண்டு போனபோது, துண்டை எடுத்துக் கண்ணைத் துடைத்தார். தட்டைத் தூசி என்றார். நானும் தூசி என்றே வைத்துக்கொண்டேன்.

டாக்டரம்மா வந்து கன்றின் வால்மயிரையும் எடுத்துக்கொண்டு போயிருக்கிறார். தாயிடமுள்ள பழுது இதற்கும் ஒன்று இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். இருந்தால் ஊசி பார்த்துப் போட வேண்டும். அவ்வளவுதான். இன்னும் ரிசல்ட் வரவில்லை. யாரும் கேட்கவும் இல்லை.

சீம்பாலைக் கருப்பட்டி தட்டிப் போட்டு அவித்து, அக்கம்பக்கத்து வீடுகளுக்குக் கொடுத்தேன். அந்நேரம் பார்த்துத் தரகர் மொபட்டை நிறுத்தினார். வந்தவருக்கு இல்லை என்று சொல்லக் கூடாது. ஒரு கிண்ணத்தில் வைத்துக் கொடுத்தேன். நின்றுகொண்டே சாப்பிட்டார். நன்றாக இருக்கிறது என்றார். கன்றை ஒரு சுற்றுச் சுற்றி வந்து பார்த்தார்.

"எலும்பு நல்ல எலும்பு. தாயை எப்பக் குடுக்கிய?" என்றார்.

எங்கள் வீட்டுக்காரர் அவர் கையிலிருந்த கிண்ணத்தை வாங்கிக்கொண்டார். அதில் இன்னும் பாதி இருந்தது.